ஸனது இல்லாத மத்ன்: அறிவியல் கற்பித்தலில் வரலாற்றின் இடம்

அரபுக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் ஓதப்பெறும் ‘ஷரஹுல் அகாயித்’ என்னும் நூலை நம் வாசகர்களுள் பலர் அறிவர். இமாம் நஸஃபி (ரஹ் - மறைவு கி.பி. 1142) இயற்றிய அகீதாச் சுருக்கத்துக்கு அல்லாமா தஃப்தாஸானி (ரஹ்) வரைந்த விரிவுரை அது. மறுமையில் இறைவனைக் காணுதல் பற்றிய பகுதியில், அக்காட்சிக்கு இடம், திசை, இடைத்தூரம் ஆகியவற்றோடு ‘இத்திஸாலுஷ் ஷுஆ’வும், அதாவது கதிர் சென்று தொடுதலும், நிபந்தனையன்று எனச் சொல்லப்படுகிறது. இவ்விடத்தை நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மேனிலைப் பள்ளியில் இயற்பியல் பயின்றபின் எம்மிடம் ஓத வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹழ்ரத், கண்ணிலிருந்து கதிர் எதுவும் புறப்படுவதில்லையே? பொருளிலிருந்து வரும் ஒளிதானே கண்ணுக்குள் புகுகிறது? இல்லாத ஒன்றை இந்த கிதாபு ஏன் மறுக்க வேண்டும்?” என்று வினவினார்.

நல்ல வினா. நாம் அவரிடம் திருப்பிக் கேட்டோம்: “ஒளி கண்ணுக்குள் புகுவதாக உமக்கு எப்படித் தெரியும்?” அவர் சற்றும் தயங்காமல், “பாடப்புத்தகத்தில் இருக்கிறது” என்றார். “அதற்கு ஸனது என்ன?” என்றோம். வகுப்பு சிரித்தது. ஹதீஸுக்குத்தான் ஸனது கேட்பார்கள், இயற்பியலுக்குமா கேட்பார்கள் என்பது அச்சிரிப்பின் பொருள். ஆனால் நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அந்த ஒரு வகுப்பில் இருவகைக் குறைகள் ஒருங்கே வெளிப்பட்டன. ஷரஹுல் அகாயிதை ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் நாம், ‘ஷுஆ’ என்ற சொல்லின் பின்னே பார்வை பற்றிய ஒரு பழைய கோட்பாடு இருப்பதைச் சொல்லாமலே கடந்து போயிருந்தோம். அம்மாணவருக்கு இயற்பியல் கற்பித்தவர்களோ, ஒளி கண்ணுக்குள் புகுகிறது என்ற முடிவை மட்டும் கொடுத்து, அம்முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். இரண்டு வகுப்பறைகளிலும் விடுபட்டது வரலாறே. அறிவியலைக் கற்பிப்பதில் அறிவியலின் வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் என்ன பங்கு என்பதைப் பார்வைக் கோட்பாடு என்ற இந்த ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கருத்து மூடத்தனமா?

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்ற கருத்தைக் கேட்டவுடன் இன்றைய மாணவர் நகைப்பார். ஆனால் நம் தாய்மொழியே அக்கருத்தைச் சுமந்து நிற்கிறது. ‘பார்வையைச் செலுத்தினான்’, ‘பார்வை விழுந்தது’, ‘கண்ணோட்டம்’ என்றெல்லாம் சொல்கிறோமே, இவை கண்ணிலிருந்து ஏதோ ஒன்று வெளியே செல்வதாக எண்ணிய மனத்தின் வழக்குகளேயல்லவா?

கிரேக்க அறிஞர் யூக்லிது தமது ஒளியியல் நூலை இக்கருத்தின் மீதே கட்டினார். அதற்குக் காரணமும் இருந்தது. தரையில் விழுந்த ஊசியை நாம் தேடுகிறோம். ஊசி கண்ணுக்கு நேராகவே கிடக்கிறது, ஆயினும் உடனே தென்படுவதில்லை. பொருளிலிருந்து வருவது ஒன்றே பார்வைக்குப் போதுமாயின் அது ஏன் உடனே தெரியவில்லை? கண்ணின் கதிர்கள் இடைவெளிவிட்டுப் பரவுகின்றன, அவற்றுள் ஒன்று ஊசியின்மீது படும்போதே அது தெரிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மேலும், கண்ணை உச்சியாகக் கொண்ட கூம்பாகக் கதிர்களைக் கருதினால், தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தோன்றுவதை வடிவியலால் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. தாலமி அதை மேலும் விரிவாக்கினார்.

இதற்கு மாறாக, பொருளின் உருவமே கண்ணை வந்தடைகிறது என்று கருதியோரும் இருந்தனர். அணுக் கொள்கையினர் ஒருவகையாகவும் அரிஸ்டாட்டில் வேறொரு வகையாகவும் அதைச் சொன்னார்கள். ஆனால் அவர்களிடம் கணக்கு இல்லை. பக்தாதில் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி இவர்களுக்கு எதிராக வைத்த வாதம் கூர்மையானது. ஒரு வட்டத்தட்டை அதன் விளிம்பு நமக்கு நேராக இருக்குமாறு பிடித்தால் அது ஒரு கோடாகவே தெரிகிறது. பொருளின் உருவம் முழுமையாகக் கண்ணுக்குள் வருவது உண்மையாயின் அது வட்டமாகவன்றோ தெரிய வேண்டும்? ஆகவே கண்ணிலிருந்து செல்லும் கதிரே பார்வைக்குக் காரணம் என்று அவர் முடிவுகட்டினார்.

கலாம் துறையினரின் வாதங்களிலும் இது புகுந்தது. பார்வைக்குக் கதிரும் எதிர்நிற்றலும் இன்றியமையாதவை என்று கொண்ட முஃதஸிலாக்கள், திசைக்கு அப்பாற்பட்ட இறைவனைக் காண இயலாது என வாதித்தனர். அந்நிபந்தனைகள் இவ்வுலக வழக்கத்தில் அமைந்தவையேயன்றி அறிவு கட்டாயப்படுத்துபவை அல்ல என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின் மறுமொழி. நம் மாணவர் கேட்ட வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. கிதாபு இல்லாத ஒன்றை மறுக்கவில்லை. தன் காலத்தில் கற்றோரிடையே மதிப்புடன் வழங்கிய ஒரு கோட்பாட்டை முன்னிறுத்திப் பேசுகிறது. இந்த வரலாறு தெரியாமல் அகீதாவின் அந்த வரியைக்கூட விளங்கிக்கொள்ள முடியாது.

இப்னுல் ஹைஸமின் வழக்கு

பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் 1040 அளவில் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம், ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இந்தப் பழைய வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்தார். அவருடைய விசாரணை முறையே மாணவர் கற்க வேண்டியது.

முதலில் அவர் எவரும் சோதித்தறியக்கூடிய எளிய உண்மைகளிலிருந்து தொடங்குகிறார். கதிரவனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறது. பேரொளியைப் பார்த்துவிட்டு இருளான இடத்தை நோக்கினால் அவ்வொளியின் சாயல் சிறிதுநேரம் கண்ணில் நிற்கிறது. ஆகவே ஒளி கண்ணின்மீது செயல்படுகிறது. பிறகு எதிர்த்தரப்பை விசாரிக்கிறார். கண்ணிலிருந்து புறப்படுவது ஒரு பருப்பொருளாயின், இமை திறந்த கணத்தில் அது விண்மீன்கள்வரை நிறைந்துவிடுகிறது எனக் கொள்ள வேண்டும். இவ்வளவு சிறிய கண்ணிலிருந்து அது எவ்வாறு இயலும்? புறப்பட்டது பொருளைத் தொட்டபின் கண்ணுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லையாயின் கண் எவ்வாறு அறிகிறது? ஏதேனும் வருகிறதாயின், அப்படி வருவதே பார்வைக்குப் போதுமே, புறப்பட்ட கதிர் எதற்கு? கணித அறிஞர்கள் வரைந்த கோடுகளை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. கணக்குக்கு உதவும் கற்பனைக் கோடுகளாக அவற்றை வைத்துக்கொண்டார்.

ஆனால் எதிர்த்தரப்பு வீழ்ந்ததனால் மட்டும் தம் தரப்பு நிலைபெற்றுவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் செல்கிறது. அவ்வாறாயின் கண்ணின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் புள்ளிகளின் ஒளியும் வந்து விழும். எல்லாம் குழம்பி ஒன்றும் தெரியாமல் போகவேண்டும். ஆனால் நமக்குத் தெளிவாகத் தெரிகிறதே, எப்படி?

இந்த வினாவின் ஒரு பகுதிக்கு அவர் விளக்குகளைக் கொண்டு விடை தேடினார். ஓர் இடத்தில் பல விளக்குகளைத் தனித்தனியே வைக்க வேண்டும். அவற்றுக்கு எதிரே ஒரு சிறு துளை. துளைக்கு அப்பால் இருண்ட இடம், அங்கே ஒரு சுவர். ஒவ்வொரு விளக்கின் ஒளியும் சுவரில் தனித்தனியே விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறையும். மறைப்பை நீக்கினால் அதே இடத்துக்கு மீளும். எல்லா ஒளிகளும் ஒரே துளையின் வழியே சென்றும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. மற்றொரு பகுதிக்கு அவர் தந்த விடை, கண்ணின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்களே விலகாமல் வலிமையோடு உட்செல்கின்றன, சாய்ந்து விழுபவை விலகி வலிமை குன்றுகின்றன என்பது. இவ்வாறு பொருளின் ஒரு புள்ளிக்குக் கண்ணில் ஒரு புள்ளி என்ற ஒழுங்கு கிடைத்தது. கிரேக்கரின் கணக்கும், உருவம் உள்ளே வருகிறது என்போரின் இயற்கை விளக்கமும், மருத்துவரின் கண்ணுடற்கூறும் முதன்முறையாக ஒரே கோட்பாட்டில் இணைந்தன.

அவர் தவறியதும் உண்டு

நம்மவர் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் ‘இதோ, ஐரோப்பாவுக்கு முன்பே நாம்’ என்று முடிந்துவிடும். ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை. ‘ஜலீதிய்யா’ எனப்பட்ட, பனிக்கட்டி போன்று தெளிந்த கண்வில்லையே பார்வையை உணரும் உறுப்பு என்று இப்னுல் ஹைஸம் கருதினார். இது சரியன்று. கதிர்கள் கண்ணின் நடுவே ஒன்றையொன்று வெட்டிக் கடந்தால் உருவம் தலைகீழாகிவிடும் என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். நமக்கு உலகம் நேராகத் தெரிவதால், அவ்வாறு வெட்டிக்கொள்வதற்கு முன்னரே கதிர்கள் விலகிவிடுவதாக அமைத்துக்கொண்டார்.

ஏறத்தாழ 6 நூற்றாண்டுகளுக்குப் பின், 1604இல் யோஹன்னஸ் கெப்ளர் அந்த முடிச்சை அவிழ்த்தார். செங்குத்துக் கதிரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளியிலிருந்து கண்மணி முழுவதிலும் விழும் கதிர்க்கூம்பு, கண்ணுக்குள் விலகி, மீண்டும் ஒரு புள்ளியாக விழித்திரையில் குவிகிறது. உருவம் தலைகீழாகவே விழுகிறது. அதை மனம் நேராக உணர்வது எவ்வாறு என்ற வினாவைத் தம் துறைக்கு வெளியே உள்ளது என்று கெப்ளர் பிறருக்கு விட்டுவிட்டார்.

இப்னுல் ஹைஸம் முன்வைத்த வினாவே கெப்ளரின் தொடக்கப்புள்ளி. விடை மாறியது, வினா நின்றது. இந்தத் தவற்றை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொல்வோமாயின், ஓர் அறிஞர் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தும் தவற முடியும் என்ற பாடம் மாணவருக்குக் கிடைக்காமல் போகும். அறிவியலின் மெய்யியல் என்று பெரிய பெயரிட்டு அழைக்கப்படுவதன் உயிரான பகுதி அதுவே.

இஃதிபார் என்னும் சொல்

சோதனை என்ற பொருளில் இப்னுல் ஹைஸம் ஆளும் சொல் ‘இஃதிபார்’. இச்சொல் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. ஸூரத்துல் ஹஷ்ரின் 2ஆம் வசனத்தில் பார்வையுடையோரை விளித்துப் படிப்பினை பெறுமாறு சொல்லும் ஏவல் இதே வேரினின்று பிறந்தது. உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் கியாஸுக்கு அவ்வசனத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில் இஃதிபாருக்குத் தனித் தலைப்பே வகுத்துள்ளார். ஓர் அறிவிப்பு தனித்து நிற்கிறதா, வேறு வழிகளாலும் வலுப்பெறுகிறதா என்று தேடிப் பார்ப்பதே முஹத்திஸ்களிடம் இஃதிபார்.

இதைக் கொண்டு இப்னுல் ஹைஸம் தம் முறையை ஹதீஸ் கலையிலிருந்து பெற்றார் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அதற்குச் சான்றில்லை. வானியலாரிடையே முந்தைய கணிப்புகளைப் புதிய கணிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு இச்சொல் முன்னரே வழங்கியது. நாம் சொல்வது வேறு. ஒரு செய்தியை அதன் வழி அறியாமல் ஏற்பதில்லை என்ற ஒழுக்கத்தில் பயின்ற மாணவர், இயற்பியல் வகுப்பில் அவ்வொழுக்கத்தை வாசலில் கழற்றிவைக்க வேண்டிய தேவையில்லை.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஹதீஸின் ஸனது மனிதர்களின் வழியே செல்கிறது. அவர்கள் கேட்டது மீண்டும் நிகழாது. ஆகவே அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலும் ஆராயப்படுகின்றன. ஒளியியலின் ஸனது சோதனையில் முடிகிறது. அவ்விளக்குகளை இன்றிரவே நாம் ஏற்றிப் பார்க்கலாம். இப்னுல் ஹைஸம் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. அவரே அதை விரும்பவில்லை. தாலமியின் நூல்களின் மீது தாம் எழுதிய ‘அஷ்ஷுகூக்’ என்ற நூலில், உண்மையைத் தேடுபவர் முன்னோரின் நூல்களை ஐயத்தோடு அணுக வேண்டும், தம்மீதும் அதே ஐயத்தைச் செலுத்த வேண்டும் என்ற கருத்தை அவர் வலியுறுத்துகிறார்.

முறை உதிர்ந்து முடிவு மட்டும் சென்ற கதை

‘கிதாபுல் மனாழிர்’ கி.பி. 1200ஐ ஒட்டி இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. ரோஜர் பேக்கன், விடெலோ முதலியோர் அதன்வழி ஒளியியல் கற்றனர். 1572இல் பேசல் நகரில் அது அச்சேறியது. ஆனால் இலத்தீன் பெயர்ப்பில் முதல் பாகத்தின் முதல் 3 அத்தியாயங்கள் இல்லை. தம் ஆய்வு முறை யாது, இயற்கை நூலையும் கணிதத்தையும் ஏன் இணைக்க வேண்டும், ஒளி நேர்கோட்டில் செல்வதை எவ்வாறு சோதிப்பது என்பனவெல்லாம் அந்த 3 அத்தியாயங்களில்தாம் உள்ளன. பேராசிரியர் அப்துல் ஹமீது ஸப்ரா, முதல் 3 பாகங்களின் அரபு மூலத்தை 1983இல் குவைத்திலும் ஆங்கில ஆக்கத்தை 1989இல் இலண்டனிலும் வெளியிட்டபின் அப்பகுதி பரவலாகப் படிக்கப்படலாயிற்று.

கிழக்கிலும் இதைப் போன்றதொரு கதை உண்டு. நூல் எழுதப்பட்டு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ ஒளிவிலகல் பற்றிய ஐயம் ஒன்றைத் தம் ஆசிரியர் குத்புத்தீன் அஷ்ஷீராஸீயிடம் கொண்டுபோனார். இப்னுல் ஹைஸமின் நூலைத் தாம் கண்டதாக நினைவுகூர்ந்த ஆசிரியர், தொலைதூர நாட்டிலிருந்து அதன் படியை வரவழைத்துக் கொடுத்தார். அதற்குக் கமாலுத்தீன் வரைந்த ‘தன்கீஹுல் மனாழிர்’ வெறும் விரிவுரையன்று. நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மழைத்துளிக்குப் பதிலாக வைத்துச் சோதித்து, வானவில் தோன்றும் முறையை அவர் விளக்கினார். ஒளி துளிக்குள் புகும்போது ஒருமுறையும் வெளியேறும்போது ஒருமுறையும் விலகுகிறது, இடையே ஒருமுறை எதிரொளிக்கிறது. அதனால் முதன்மை வில் தோன்றுகிறது. உள்ளே இருமுறை எதிரொளித்தால் இரண்டாம் வில் தோன்றுகிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற துறவியும் தனியே இதே முடிவை எட்டினார். ‘தன்கீஹ்’ நூலை ஹிஜ்ரி 1347-48இல் அச்சிட்டு உலகுக்கு அளித்தது நம் நாட்டின் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் என்பது நாம் பெருமைகொள்ளத் தக்க செய்தி. அது எத்தனை மத்ரஸாக்களின் நூலகத்தில் உள்ளது, உள்ள இடத்திலும் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைய வகுப்பறைக்கு இதனால் பயன் என்ன?

‘இவையெல்லாம் சுவையானவை, ஆயினும் தேர்வுக்கு வாராதவை. விடை தெரிந்தபின் வழியை ஏன் கற்பிக்க வேண்டும்?’ என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். இதற்கு ஓர் ஆய்வே விடை கூறுகிறது. அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் வைனரும் ஜேன் காட்ரெலும் அவர்தம் துணைவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, பார்க்கும்போது கண்ணிலிருந்து ஏதோ வெளிச்செல்கிறது என்ற நம்பிக்கை கல்லூரி மாணவர்களிலேயே கணிசமானோரிடம் காணப்பட்டது. பாடநூலில் படித்ததும் அதை எளிதில் மாற்றவில்லை. யூக்லிதின் கதிர் இன்னும் மாணவர் உள்ளத்தில் உலவுகிறது. அதை வெளியே வரவழைத்து விசாரிக்காமல், மேலே சரியான விடையை எழுதிவைத்தால் தேர்வுத்தாளில் புதியதும் உள்ளத்தில் பழையதுமாக இரண்டும் வாழும். ஊசி ஏன் உடனே தெரியவில்லை, வட்டம் ஏன் கோடாகத் தெரிகிறது என்ற பழைய வினாக்களை மாணவர் முன் வைத்து, அவரையே வாதிடச் செய்து, பின்னர் விளக்குகளை ஏற்றிக் காட்டினால், அவர் தம் கருத்தைத் தாமே துறப்பார்.

இதைக் கல்வியாளர்கள் உணராமல் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வேதியியலார் ஜேம்ஸ் கோனன்ட், அறிவியல் பயிலாத மாணவருக்கும் அறிவியலின் இயல்பை உணர்த்துவதற்குப் பழைய கண்டுபிடிப்புகளின் வரலாறுகளை வழக்குகளைப் போல் பயிற்றும் முறையை 1940களில் வகுத்தார். 1970இல் அங்கிருந்தே வெளிவந்த ‘புராஜெக்ட் பிசிக்ஸ்’ பாடத்திட்டம் பள்ளி இயற்பியலை வரலாற்றோடு இணைத்தது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, நல்ல அறிவியல் பாடத்திட்டத்துக்குரிய 6 தகுதிகளுள் ஒன்றாக வரலாற்றுத் தகுதியையும் சேர்த்தது. ஏட்டில் ஏறியது வகுப்பறைக்கு வர வேண்டுமானால், ஆசிரியருக்கே அவ்வரலாறு கற்பிக்கப்பட வேண்டும்.

மாற்றுக் கருத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். தாமஸ் கூன் 1962இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், பாடநூல்கள் வரலாற்றை மறைத்து நேர்க்கோடாகக் காட்டுகின்றன என்றார். ஆனால் அத்தகைய பயிற்சியே வினைத்திறன் மிக்க ஆய்வாளரை விரைவில் உருவாக்குகிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. அறிஞர்களின் பிடிவாதங்களும் சறுக்கல்களும் நிறைந்த உண்மை வரலாறு இளைஞருக்கு உகந்ததா என்று 1974இல் ஸ்டீபன் பிரஷ் என்ற வரலாற்றாசிரியர் பாதி வேடிக்கையாகவும் பாதி கவலையாகவும் வினவினார். இக்கவலை புறக்கணிக்கத் தக்கதன்று. எல்லாப் பாடத்துக்கும் வரலாறு சொல்லப் புகுந்தால் ஆண்டு போதாது. ஓர் ஆண்டில் இரண்டு அல்லது மூன்று வழக்குகளை முழுமையாக விசாரித்தால் போதும் என்பது எம் கருத்து. சில ஹதீஸ்களின் ஸனதை ஆய்ந்து பழகிய மாணவர், எஞ்சியவற்றுக்கும் ஸனது உண்டு, அது ஆராயத் தக்கது என்பதை உணர்ந்துகொள்கிறாரே, அதைப் போல.

நம் வீட்டைச் சீர்செய்வோம்

இனி நம்மை நோக்கியே சில சொற்கள். இஸ்லாமிய இதழ்களில் அறிவியல் வரலாறு என்ற பெயரில் வருவன பலவும் பட்டியல்களே. ‘கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைஸம்’ என்று எழுதுகிறோம். துளை வழியே உருவம் தோன்றுவது அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் கவனித்தது. சூரிய கிரகணத்தின் வடிவம் பற்றிய தனி நூலில் அதைக் கணிதத்தோடு ஆழ்ந்து ஆராய்ந்ததே அவருடைய சிறப்பு. ‘இரத்த ஓட்டத்தைக் கண்டவர் இப்னுந் நஃபீஸ்’ என்கிறோம். இதயத்தின் இரு அறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்ற காலனின் கருத்தை 13ஆம் நூற்றாண்டில் மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியே இடப்பக்கம் சேர்கிறது என்று அவர் எழுதினார். அது பெருஞ்சாதனை. ஆனால் உடல் முழுவதுமான சுற்றோட்டத்தை நிறுவியவர் 1628இல் வில்லியம் ஹார்வி. இப்னுந் நஃபீஸின் அந்தச் சுவடியை 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்து உலகுக்கு உணர்த்தியவர் தத்தாவீ என்ற எகிப்திய மருத்துவர் என்பதையும் நம் பட்டியல்கள் சொல்வதில்லை. ஒரு ஹதீஸில் ஒரு சொல்லைக் கூட்டினால் பொறுக்காத நாம், முன்னோரின் புகழில் மட்டும் கூட்டிச் சொல்வது முறையாகுமா?

இன்னொரு பழக்கம் இதைவிடக் கவலைக்குரியது. அவ்வப்போதைய அறிவியல் கருத்தை எடுத்து, திருமறையின் வசனத்தோடு பொருத்தி, ‘அறிவியலே நிரூபித்துவிட்டது’ என்று சிறு நூல்கள் வெளியிடுகிறோம். உஸூல் படித்த நாம் ‘கத்ஈ’ எது, ‘ழன்னீ’ எது என்று பிரித்தறியப் பழகியவர்கள். உறுதியான வஹீயை, மாறுதலுக்கு இடமுள்ள மனித முடிவின் தோளில் சாய்த்து நிறுத்துவது எவ்வகை நியாயம்? நாளை அக்கருத்து திருத்தப்படும்போது அந்நூலைப் படித்த இளைஞர் எதைத் துறப்பார்? அறிவியலின் வரலாறு படித்தவர் இவ்வலையில் விழமாட்டார். திருத்தப்படுவது அறிவியலுக்கு இழிவன்று என்பதையும், திருத்தப்படக்கூடியது வஹீக்குத் தூணாகாது என்பதையும் அவர் அறிவார். மறுபக்கம், கணிதத்தாலும் கணிப்பாலும் நிறுவப்பட்டதை மறுத்துவிட்டால் மார்க்கத்துக்கு உதவியதாகும் என்று எண்ணுவோரை, ‘அல்முன்கித்’ நூலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அறியாமைமிக்க நண்பர் என்றே கணிக்கிறார்கள். கிரகணத்தின் காரணத்தை மறுப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகவும் கூறுகிறார்கள்.

மத்ரஸாவின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. தர்ஸே நிழாமியில் வானியலுக்காக வைக்கப்பட்ட ‘ஷரஹ் சக்மீனீ’யை எழுதிய காழீஸாதா, உலூக் பேக்கின் சமர்கந்து வானாய்வு நிலையத்தோடு தொடர்புடையவர். அந்நூல் எழுதப்பட்ட 15ஆம் நூற்றாண்டில் அது உயிருள்ள ஒரு துறையின் பாடநூல். பூமியை நடுவில் வைத்த அந்த அமைப்பு உலகெங்கும் கைவிடப்பட்ட பின்னும், அது வரலாறு என்று சொல்லாமலே நாம் நெடுங்காலம் ஓதினோம். பின்னர் மெல்ல அதை ஓதுவதையே நிறுத்தினோம். வரலாறாக ஓதியிருந்தால், ஓர் ஆலிம் கோப்பர்நிக்கஸை அயலவராக எண்ணாமல், தாலமியின் மீது தம் முன்னோர் எழுப்பிய ஐயங்களின் தொடர்ச்சியாகவும் கண்டிருப்பார்.

அன்று வகுப்பில் எழுந்த வினாவை நாம் அத்துடன் விட்டுவிடவில்லை. அன்று மஃரிபுக்குப் பின் விளக்கணைத்த அறையில் 3 மெழுகுவர்த்திகளை ஏற்றி, நடுவே துளையிட்ட அட்டை ஒன்றை நிறுத்தினோம். சுவரில் 3 ஒளிகள் விழுந்தன. அம்மாணவரே எழுந்து சென்று நடுவிலிருந்த மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்தார். நடுவிலிருந்த ஒளி மட்டும் மறைந்தது. கையை எடுத்தார், மீண்டது. இடக்கோடியில் இருந்ததை மறைத்தார். சுவரில் வலக்கோடி ஒளி மறைந்தது. “ஹழ்ரத், இடம் மாறி விழுகிறதே?” என்றார். கெப்ளரை நோக்கிய வினாவை யாரும் கற்பிக்காமலே அவர் கேட்டுவிட்டார்.

மறுநாள் அவருடைய ஷரஹுல் அகாயித் பிரதியில், ‘ஷுஆ’ என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் ஒரு ஹாஷியா எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். இச்சொல் யாருடைய கோட்பாட்டைக் குறிக்கிறது, அதை மறுத்தவர் யார், மறுத்தவரைத் திருத்தியவர் யார் என்று சிறு எழுத்தில் மூன்று வரிகள். அதன் கீழே, தாம் கண்ணால் கண்ட சோதனையின் குறிப்பு. இறுதியில் நம் முன்னோர் எழுதும் வழக்கப்படி ‘வல்லாஹு அஃலம்’ என்று முடித்திருந்தார்.